புதுத் தொட்டியில் மீன் தவிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்க

தெரிந்தவர்கள் வீட்டு மீன் தொட்டியில் ஏதாவது ஆனால் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். படத்துக்குக் கீழே கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "என்ன மருந்து போடணும்?" தொட்டி வைத்து முதல் ஆறு வாரத்துக்குள் வருகிற கேள்வியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். சீக்கு மீனுக்கு அல்ல, தண்ணீருக்கு. கடையில் கொடுத்த நீலப் பாட்டிலையும் மஞ்சள் பாட்டிலையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கீழே உங்கள் மீன் காட்டும் அறிகுறி எதுவோ அதற்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு தெர்மாமீட்டர், ஆன்டி-குளோரின் (தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கும் திரவம்), சோப்பே படாத ஒரு பக்கெட், சிஃபான் குழாய் (அடித் தண்ணீரை உறிஞ்சி வெளியே இறக்கும் குழாய்), சொட்டு விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட். கிட்டுக்குக் காசு தர மனம் வராது. ஆனால் மூன்று மருந்துப் பாட்டில் வாங்குகிற செலவை அது மிச்சம் பண்ணும்.

தொட்டியின் கொள்ளளவும் தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். கடைகளில் அதிகம் விற்கும் 2 அடித் தொட்டி (24 × 12 × 12 அங்குலம்) 56 லிட்டர் வரும். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, உப்பு எல்லாம் இந்த 45-க்குத்தான்.

கீழே "தண்ணீர் மாற்றுங்கள்" என்று சொல்லும் இடமெல்லாம் அடியிலிருந்து சிஃபான் போட்டு மூன்றில் ஒரு பங்கை எடுத்து, குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரை ஊற்றுவது என்று பொருள். அவசரம் என்றால் பாதி. முழுத் தண்ணீரையும் கொட்டுவது எந்த அறிகுறிக்கும் வைத்தியம் அல்ல.

## அறிகுறி 1: மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவது அவற்றின் இயல்பு. ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கிவிட்டால் கவலை இல்லை. கப்பி, மாலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், டெட்ரா இவை மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால்தான் பிரச்சினை.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில், எல்லா மீனும் ஒன்றாக

குளோரின். மெட்ரோ வாட்டர், நகராட்சிக் குழாய், லாரித் தண்ணீர் எதிலும் இருக்கலாம். நேற்று வரை அதே குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதே என்பார்கள். குளோரின் அளவு தினம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாட்ச்மேனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மேல்தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்களா? கழுவிய அன்றும் மறுநாளும் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

உடனே செய்ய வேண்டியது: ஆன்டி-குளோரினை முழுத் தொட்டிக்குமான அளவில் விடுங்கள், புதிதாக ஊற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். அரை மணியில் தெளிந்தால் காரணம் அதுதான். அடுத்த முறை தண்ணீரை முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டுவிட்டால் சாதாரண குளோரின் பறந்துவிடும்.

அடுத்த சந்தேகம் சூடு. மே மாதம் பகல் இரண்டு மணிக்கு மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வருவது வெந்நீர். கை வைத்துப் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள், தெர்மாமீட்டரை விடுங்கள். தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கோடையில் காலை ஆறு மணிக்கு முன்னால் தண்ணீர் பிடிப்பது நல்ல பழக்கம்.

விடிகாலையில், அல்லது கரண்ட் போன பிறகு

காற்றுக் குறைவு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் நிற்பது, 32 டிகிரியில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனின் தேவையோ ஏறும். செடி நிறைய உள்ள தொட்டியில் இரவெல்லாம் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் விடிகாலையில்தான் நிலைமை மோசம்.

ஏர் ஸ்டோன் அடைத்திருக்கிறதா, டியூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்குப் போட்ட கண்ணாடி மூடி தொட்டியை முழுக்க அடைத்திருந்தால் ஒரு பக்கம் திறந்து வையுங்கள், குதிக்கிற மீன் இருந்தால் வலை போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். அடிக்கடி போகிற ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கிவிடலாம்.

மூன்று நான்கு மணி நேரம் ஃபில்டர் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். மூடிய ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் அழுகியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மூன்றாம் நாளில் தொடங்கி, நாளுக்கு நாள் மோசமாக

எனக்கு வரும் படங்களில் பாதி இந்த ரகம். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகின்றன. அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியாவும், நைட்ரைட்டைத் தின்று அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் பத்து மீன் விட்டால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சு விடுகின்றன.

டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால் அன்றே தண்ணீர் மாற்றுங்கள். 1-க்கு மேல் என்றால் பாதி மாற்றி, மறுநாள் மறுபடி அளந்து, இறங்கும்வரை தினம் மாற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. பல ஊர்களில் அதன் pH (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தொடும். அம்மோனியாவில் விஷமான வடிவில் இருக்கும் பங்கு pH 7-ல் இருப்பதைப் போல pH 8-ல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. பக்கத்து வீட்டுத் தொட்டியில் தாங்குகிற அளவு உங்கள் தொட்டியில் தாங்காமல் போவது இதனால்தான்.

அம்மோனியா பூஜ்யம், காற்றுக் குமிழியும் நன்றாக வருகிறது, ஆனாலும் மீன் மேலேயே நிற்கிறது, தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரம் ஆகிறது என்றால் நைட்ரைட்டை அளந்து பாருங்கள். இறந்த மீன் இருந்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறிவிட்டது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவில்லை. தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு. 45 லிட்டருக்கு 45 கிராம், மக்கில் கரைத்து இரண்டு மூன்று தவணையாக விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். உப்பு ஆவியாகாது. எனவே அடுத்தடுத்த நாள் எடுத்த தண்ணீருக்கு உண்டான உப்பை மட்டும் சேருங்கள், முழு அளவையும் மறுபடி போடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். மீன் பட்டினியில் வாடாது, மிஞ்சும் தீனிதான் கொல்லும். வீட்டில் தாத்தாவும் பேரனும் தனித்தனியாகத் தீனி போடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். பல வீடுகளில் விடை அங்கேதான் இருக்கிறது.

சீக்கிரம் வழிக்குக் கொண்டுவர ஒரு சுலப வழி: பல மாதமாக நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். அவருடைய மீன் சீக்கில்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஒரே ஒரு மீன் மட்டும், மற்றவை சுறுசுறுப்பாக

இது தண்ணீர்க் கோளாறு அல்ல. மற்ற மீன் விரட்டுகிறதா என்று விளக்கு அணைந்த பிறகும் கவனியுங்கள். விரட்டல் இல்லை, ஒரு செவுள் மூடி மட்டும் விரிந்து நிற்கிறது, கல்லில் உடம்பைத் தேய்க்கிறது என்றால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். தனிப் பக்கெட்டுக்கு மாற்றுங்கள். என்ன ஒட்டுண்ணி என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் மருந்து ஊகிப்பது வீண், மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போகும் இடம் இது.

## அறிகுறி 2: தினம் ஒன்றாகச் சாகிறது

வாங்கிவந்து இரண்டு நாளுக்குள்

பையில் வந்த அதிர்ச்சி. சென்னையின் வளர்ப்பு மீன் சந்தையான கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் வெயிலில் இரண்டு மணி நேரம் வந்த மீனை நேராகத் தொட்டியில் கவிழ்த்தால் தாங்காது. பையை 15–20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு வாயைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சிங்க்குக்குப் போகட்டும். கடைத் தொட்டியில் ஏற்கெனவே மீன் செத்துக் கிடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கிடந்திருந்தால் காரணம் உங்கள் வீட்டில் இல்லை.

ஒவ்வொரு "கிளீனிங்"குக்குப் பிறகும்

ஞாயிற்றுக்கிழமை மீனையெல்லாம் பக்கெட்டில் போட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லைத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவது நம் ஊரில் பலருக்கும் வழக்கம். தொட்டி பளபளக்கும், செவ்வாய் புதனில் மீன் சாகும். ஸ்பாஞ்சில் குடியேறிய பாக்டீரியா குளோரின் தண்ணீரில் செத்துவிட்டது, தொட்டி மறுபடி முதல் நாள் தொட்டி ஆகிவிட்டது. வருடக்கணக்காக இதையே செய்துவிட்டு "எங்க வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்பவர்கள் உண்டு. ராசியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

ஸ்பாஞ்சை, சிஃபானில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே நான்கு பிழி பிழிந்தால் போதும். அது பழுப்பாகவே இருக்கட்டும். கல்லைக் கழுவும் வாரத்தில் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

கிட் எல்லாம் பூஜ்யம் காட்டுகிறது, ஆனாலும் சாகிறது

மூல தண்ணீரைப் பாருங்கள். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்கள் "சுத்தமான தண்ணி" என்று நம்புகிறார்கள். அதில் தாது உப்பு அநேகமாக இல்லை. pH நிற்காமல் சரியும், பாக்டீரியாவும் மந்தமாகும். ஆர்.ஓ.வையும் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். கடின போர் தண்ணீரில் கப்பி, மாலி ஜம்மென்று இருக்கும், நியான் டெட்ரா வாடும். தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட மீனை மாற்றுவது மலிவு.

அதோடு, பொருந்தாத கூட்டம். ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும் ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் 2 அடித் தொட்டிக்கு ஆகாது. விரல் நீளத்தில் "ஷார்க்" என்று விற்பது உண்மையில் கெளுத்தி இனம், ஆற்றில் ஒரு மீட்டரையும் தாண்டும். வைக்க முடியாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் ஃபிஷ் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி 3: தண்ணீர் கலங்கல்

நிரப்பிய அன்றே சாம்பல் கலங்கல் என்றால் கல்லைச் சரியாகக் கழுவவில்லை. ஃபில்டரில் கொஞ்சம் பஞ்சு வையுங்கள், ஒரு நாளில் தெளியும்.

இரண்டாம் நாளிலிருந்து பால் கலந்தது போல வெள்ளையாக ஆனால் அது பாக்டீரியாப் பெருக்கம். பார்க்க மோசமாக இருக்கும், தானே அடங்கும். ஒரு வாரம் சும்மா இருப்பதுதான் சிகிச்சை: தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டி, அம்மோனியாவை அளந்துகொண்டிருங்கள். இந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து முழுத் தண்ணீரையும் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு நாள் கழித்து அதே வெள்ளை திரும்ப வரும்.

பச்சை என்றால் வெளிச்சம் அதிகம். ஜன்னல் வெயில் படுகிறதா பாருங்கள், விளக்கை 6–7 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். தேநீர் நிறம் என்றால் மரக்கட்டை அல்லது நாட்டு வாதாம் இலையின் சாயம், மீனுக்கு நல்லதே. கலங்கலோடு அழுகல் வாடை வந்தால் அலங்காரப் பொருள்களைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஒரு மீன் செத்துக் கிடக்கும்.

## அறிகுறி 4: உடம்பில் வெள்ளைப் புள்ளி

உப்புத் தூவியது போல உடம்பு, துடுப்பு எங்கும் இருந்தால் வெண்புள்ளி நோய். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது நோய் அல்ல, இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம். மருந்து ஊற்றும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

நோய்தான் என்றால் இது தொட்டி முழுவதும் பரவியிருக்கும், ஒரு மீனைத் தனியே எடுத்துப் பயனில்லை. தோலுக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது, அது தோலை விட்டு வெளியேறித் தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். சூடு கூடினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும். மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் வந்தால் ஹீட்டரில் மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்புப் போடுங்கள். கோல்டு ஃபிஷ் தொட்டியில் 28-க்கு மேல் போகாதீர்கள். உப்பைத் தாங்காத காரி (காரிடோரஸ்) போன்ற கெளுத்தி வகைகளும் செடிகளும் இருந்தால் பாதி அளவு. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். புள்ளி மறைந்த அன்றே நிறுத்தியவர்கள்தான் மறுபடி படம் அனுப்புகிறார்கள்.

நான்கைந்து நாளில் அடங்காவிட்டால்தான் கடை மருந்து. மாலகைட் கிரீன் கலந்தது என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அளவைத் தாண்டாதீர்கள், ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மருந்தை உறிஞ்சிவிடும். மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அது ஃபில்டர் பாக்டீரியாவையும் செடியையும் கெடுக்கும், சிலிகானில் ஏறிய நீலமும் போகாது. தனிப் பக்கெட்டுக்கு அது நல்ல மருந்து.

## அறிகுறி 5: துடுப்பு கிழிந்திருக்கிறது

அரைவட்டமாகக் கடித்தது போலச் சுத்தமான வெட்டு என்றால் கூட இருக்கும் மீன்தான் காரணம். டைகர் பார்ப் இருக்கும் தொட்டியில் ஏஞ்சலின் துடுப்பு முழுதாக இருக்காது. பிரியுங்கள், தானே வளரும். ஓரம் வெள்ளையாகி நைந்து நாளுக்கு நாள் குறைந்தால் அழுகல்: பத்து நாள் தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் ஆரம்பநிலை அழுகல் நின்றுவிடும். அழுகல் துடுப்பின் அடி வரை போய்விட்டால், அல்லது முதுகில் சேணம் போல வெளிறிய திட்டும் வாயில் பஞ்சு போன்ற படலமும் வந்தால் அது வேகமாகக் கொல்லும் பாக்டீரியா. சூட்டில் இன்னும் வேகமெடுக்கும், எனவே இதற்கு ஹீட்டர் போடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துக் கொட்டுவது ஃபில்டரை அழிக்கும், மீனைக் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

## அறிகுறி 6: கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதக்கிறது

உருண்டை உடம்பு வகைகளுக்கு இது அடிக்கடி வரும். மிதக்கும் தீனியோடு காற்றையும் சேர்த்து விழுங்குவது ஒரு காரணம், மலச்சிக்கல் இன்னொன்று. இரண்டு நாள் பட்டினி. பிறகு வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணியை மசித்துச் சிறிது. அதன்பின் அமிழும் தீனிக்கு மாறிவிடுங்கள். ஒரு வாரத்தில் நேராகாவிட்டால் பிறவிக் கோளாறாகவோ உள்தொற்றாகவோ இருக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் எந்த வைத்தியமும் எடுபடாது, முதலில் தொட்டி வாங்குங்கள்.

## அறிகுறி 7: வயிறு ஊதி, செதில்கள் நிமிர்ந்து நிற்கின்றன

மேலிருந்து பார்த்தால் செதில்கள் உடம்போடு படியாமல் விரிந்து தெரியும். சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது. தனியே எடுத்துச் சுத்தமான தண்ணீரில் வையுங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் பிழைக்காது என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. செதில் படிந்தே இருந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால் சினை மீனாகவும் இருக்கலாம். கப்பி, மாலி வீடுகளில் அநேகமாக அதுதான்.

மருத்துவரிடம் போகும்போது மீனை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர், தண்ணீர் அளவீடுகள், இதுவரை போட்ட மருந்துப் பெயர்கள், நீந்தும் விதத்தைக் காட்டும் வீடியோ எல்லாம் வேண்டும். செத்த மீனைக் காட்ட வேண்டுமென்றால் ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். பக்கத்தில் மீன் பார்க்கும் மருத்துவர் இல்லாதவர்கள் பொன்னேரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

## அறிகுறி 8: தண்ணீரைத் தொட்டால் லேசாக ஷாக்

இதற்குப் படிப்படியான சோதனை கிடையாது. கையை எடுங்கள், பிளக்கைத் தொடும் முன் சுவிட்சை அணையுங்கள், ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். விரிசல் விட்ட ஹீட்டர் கண்ணாடி, வயர் தேய்ந்த பவர் ஃபில்டர் இரண்டில் ஒன்றாக அநேகமாக இருக்கும். டெஸ்டரை விட்டுப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, தொட்டிக்குப் போகும் லைனில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் வந்திருக்கும்போதே இன்னும் இரண்டு வேலை. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் கீழே தொங்கி வளைந்து வரும்படி வையுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒருவழி அடைப்பு) மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் கரண்ட் போகிற நேரத்தில் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே இறங்கி, பம்பையும் நனைத்து, அதன் கீழே இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் போய் நிற்கும்.